குற்றமில்லாத ஜீப்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் கற்பனை வளத்தைப் பாராட்டிக் கடிதம் போட வேண்டாம், பதில் எழுத எனக்குத் தெம்பில்லை.

ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை ஜெயலக்ஷ்மி. ஒரு நாள் மத்தியானம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “சாவித்ரி, நீதான் கதை எழுதறவளாச்சே. கதையிலயாவது எங்காத்துக்காரரை ஒரு ஜீப் வாங்க வெச்சுடேன்டீ. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அவள் கணவர் ராமசுப்ரமணியன் போனக்காடு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க். சனிக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரம் கரமனை வீட்டுக்கு இறங்கி வருவார், திங்கட்கிழமை விடியுமுன் மலையேறிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். அவரால் தோட்டத்தை விட முடியாது, இவளால் சர்க்கார் வேலையை விட முடியாது. இந்த வருஷம் இவளுக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டுக்கும் நடுவே நெடுமங்காட்டில் ஒரு வீடு பார்த்துக்கொண்டால் என்ன? இவள் தினமும் பஸ்ஸில் திருவனந்தபுரம் வருவாள், அவர் தினமும் வண்டியில் மலைக்குப் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்புவார். வீடும் கிடைத்தது. வீட்டுக்காரி ரத்னாபாய் ஓணம் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தாள்.

வண்டிதான் பாக்கி. தோட்டத்துக்கு ஏறும் கடைசித் துண்டு ரோடு வெறும் பாறையும் சேறும். மழைக்காலத்தில் பஸ்ஸை நம்ப முடியாது, கார் என்றால் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப் வேண்டும்*. புது ஜீப்புக்கு வழியில்லை, அதனால் பழைய ஜீப்.

தை மாதம் பார்க்கத் தொடங்கினார். இப்போது ஆடி, கர்க்கடக மழை கொட்டுகிறது. இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

* (ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டைக் கம்பிகள் இருக்குமாம். ஒன்றைத் தள்ளினால் முன்சக்கரங்களும் இழுக்கும். மற்றது செங்குத்து ஏற்றத்துக்கு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதுவும் ஜெயா சொல்லித் தெரிந்தது. ஏழு மாதமாக ஜீப்பைத் தவிர வேறொன்றும் பேசாத பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா?)

2

தொடக்கம் ஒன்று: ‘கல்லாற்றில் வெள்ளம் பெருக்கெடுத்து ஓடியது. ராமசுப்ரமணியன் பல்லைக் கடித்துக்கொண்டு ஜீப்பை ஆற்றுக்குள்—’

ஜெயாவிடம் காட்டினேன். “போனக்காட்டுக்குப் போறவருக்குக் கல்லாத்துல என்ன வேலை? அது பொன்முடிக்குப் போற வழியாக்கும்” என்றாள். அத்தோடு அந்தத் தொடக்கம் வெள்ளத்தில் போயிற்று.

தொடக்கம் இரண்டு: ‘ராமசுப்ரமணியன் நல்ல மனிதர்.’ (உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்குகிற கதையை நானே படிக்க மாட்டேன்.)

தொடக்கம் மூன்று: பெயரை நாகேஸ்வரன் என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். யாருக்காவது மனத்தாங்கல் வந்துவிடக் கூடாதே என்ற பயம். ஜெயா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “பேரை மாத்தாதே. மாத்தினா வேற எவரோன்னு நினைச்சுண்டு நிம்மதியாப் படிப்பார்.”

ஆக, தொடக்கமே இல்லாமல் நடுவுக்கு வந்துவிட்டோம். மன்னிக்கவும்.

3

தம்பானூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாயாக்கடை. அங்கே உட்கார்ந்திருப்பவர் பிச்சைக்கனி, வண்டித் தரகர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து ஜீப்பை வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அதைத் தலைமுழுகப் பார்த்தார்கள். பிச்சைக்கனிக்குக் கையில் வண்டி நிறைய.

முதல் வண்டி பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. நீலப் பெயிண்ட் உரிந்த இடத்தில் அடியில் பச்சை தெரிந்தது.

“ஸாரே, சண்டைக்குப் போய்ட்டு வந்த வண்டியாக்கும். மலையில விட்டா ஆடு மாதிரி ஏறும், பாத்துக்கிடுங்க.”

ராமசுப்ரமணியன் சுற்றி வந்தார். குனிந்தார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பின்னால் கரும்புகை கப்பென்று கிளம்பியது.

“வண்டி கொள்ளாம்” என்றார், தேவலை என்ற அர்த்தத்தில். “பக்ஷே புகை ஜாஸ்தி.”

இந்த ஊர்க்காரர்களுக்கு ‘ஆனால்’ வராது, ‘பக்ஷே’தான் வரும். ராமசுப்ரமணியன் வாயில் அது கொஞ்சம் அதிகமாகவே வரும்.

இரண்டாவது வண்டியில் புகை இல்லை. பக்ஷே முன்சக்கரத்துக் கம்பியைத் தள்ளினால் கடகடவென்று சத்தம் வந்ததே தவிர இழுவை வரவில்லை. நியாயமான குற்றம்தான், நானாக இருந்தாலும் வேண்டாம் என்றிருப்பேன். மூன்றாவதில் இழுவை பிரமாதம், பக்ஷே மேல்படுதா கிழிசல்.

“படுதாவ புதுசா தச்சுப் போட்டாப் போச்சு ஸாரே, அது ஒரு காரியமா?”

“தச்சாலும் ஓரத்துல சாரல் அடிக்குமேய்யா.”

“ஜீப்புன்னா சாரல் அடிக்கத்தான செய்யும்!”

நான்காவது பெட்ரோல் குடிக்கிறது. (குடிக்காத ஜீப் உண்டா?) ஐந்தாவதில் ஏறி உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது. ஆறாவது வண்டியைப் பற்றி ஜெயா சொன்னபோது நான் கவனித்துக் கேட்கவில்லை. உண்மையில் எனக்கு அலுத்துவிட்டது. ஒரு மனிதன் குனிகிறான், நிமிர்கிறான், பக்ஷே என்கிறான். எத்தனை தடவை எழுதுவது? பிச்சைக்கனிக்கும் அலுத்திருக்கும், ஆனால் அவர் பிழைப்பு அது. எனக்கென்ன தலையெழுத்து?

4

இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தேன்.

முதலில் அவரைச் சந்தேகப்பட்டேன். கதை எழுதுகிறவர்களுக்கு இந்தப் புத்திதான் முதலில் வரும். மலைமேல் வேறு யாராவது—

(இல்லை. இருந்தால் எனக்கு வேலை எவ்வளவோ சுலபம். ஜெயாவுக்கும்கூடச் சுலபம் என்று நினைக்கிறேன். கத்தலாம், அழலாம், அண்ணா தம்பிகளைக் கூப்பிடலாம்.)

அவருக்கு அங்கே யாரும் இல்லை. ஒரு அறை, ஒரு ஸ்டவ், ஜன்னலுக்கு வெளியே பனி. சாயங்காலம் ஆபீசைப் பூட்டிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒரு கிளாஸ் காப்பியோடு உட்கார்ந்தால் ஒருத்தரோடும் பேச வேண்டாம். யாரும் ‘ஏன் ஒரு மாதிரி இருக்கேள்?’ என்று கேட்க மாட்டார்கள். சனிக்கிழமைக் கணவனாக இருக்க அவருக்கு நன்றாகவே வரும். பலகாரம் வாங்கி வருவார், கோவிலுக்குக் கூட்டிப் போவார், முகம் சுளிக்க மாட்டார். தினமும் வா என்றால் பயமாக இருக்கிறது போலிருக்கிறது.

இதெல்லாம் என் ஊகம். அவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையை எழுதும்போது எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நாலு பேர் உள்ள வீட்டில், சமையலறை ஒழிந்த பிறகு சாப்பாட்டு மேஜை மூலையில் உட்கார்ந்து எழுதுகிறவள் நான். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஜெயாவை நினைத்தால் மனசு கேட்கவில்லை. ரத்னாபாய் வீட்டு ஜன்னல்களை அளந்து, திரைச்சீலைக்குத் துணி வாங்கி வைத்திருக்கிறாள். அவருக்கு ஜீப் வேண்டாம் என்றால் அந்தத் துணியை என்ன செய்வாள்? இதை அவளிடம் யார் சொல்வது? நான் மாட்டேன். அவள் கேட்டது ஜீப். ஜீப்பையே கொடுத்துவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

5

(இந்தப் பகுதி இங்கே இல்லை. ஒரு தாள் அளவுக்கு இருந்தது. ஏன் இல்லை என்பது அடுத்த பகுதியில் வருகிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்: பிச்சைக்கனி ஏழாவதாக ஒரு வண்டி கொண்டுவருகிறார். அதில் ஒரு குற்றமும் இல்லை. நானே முடிந்தவரை தேடிப் பார்த்தேன், இல்லை. ராமசுப்ரமணியன் வாங்கிவிடுகிறார்.)

6

திங்கட்கிழமை டிபன் நேரத்தில் ஐந்தாம் பகுதியை ஜெயாவிடம் கொடுத்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். காரியரைத் திறக்காமல் முழுக்கப் படித்தாள். திரும்ப ஒருதரம் படித்தாள்.

“நன்னாருக்கு” என்றாள். “பக்ஷே எங்கே?”

“எது?”

“அவர் வாயில ஒரு பக்ஷேகூட வரலையே. இது அவர் இல்லை, சாவித்ரி.”

“நீதானேடீ வாங்க வைன்னு சொன்னே?”

அவள் கொஞ்ச நேரம் காரியர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, அதுவரை என்னிடம் சொல்லாததைச் சொன்னாள். ஏழாவது வண்டி நான் கற்பனை பண்ணுவதற்கு முன்பே வந்துவிட்டதாம், முந்தின ஞாயிற்றுக்கிழமையே.

ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி. புகை இல்லை, சத்தம் இல்லை, இழுவை உண்டு, படுதா புதுசு. அவர் முன்னால் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார், பக்கத்தில் பிச்சைக்கனி, பின்னால் இவள். தம்பானூரிலிருந்து கிழக்கேகோட்டை வரை போனார்கள். அவர் ஒரு குற்றமும் சொல்லவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று உள்ளே தேடிக்கொண்டிருப்பது பின்னாலிருந்து அவர் கழுத்தைப் பார்த்தபோதே தெரிந்ததாம். பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வந்தது. இந்த ஊரில் அங்கே ஒரு காய் உடைக்காமல் யாரும் ஒரு காரியமும் தொடங்குவதில்லை. இவளுக்கு மனசு தாங்கவில்லை. “நிறுத்துங்கோ” என்று சொல்லி இறங்கி ஓடினாள். காய் வாங்கினாள். ஓங்கி உடைத்தாள். சிதறுகாய் நாலாபக்கமும் தெறித்தது. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

அவர் வண்டியை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

“என்ன காரியம் பண்ணினே ஜெயா? வாங்கறதுக்கு முன்னாடியே காயை உடைச்சுட்டியே. வண்டி இன்னும் அடுத்தவா பேர்லன்னா இருக்கு? இனி இது நமக்கு ராசிப்படாது. வேண்டாம்.”

முகத்தில் அப்படி ஒரு நிம்மதியாம்.

பிச்சைக்கனிக்குப் பொறுக்கவில்லை. “ஸாரே, அதுக்கென்ன, நான் இன்னொரு காய் வாங்கித் தாறேன், வெல பேசிட்டு உடைங்க. பிள்ளையாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்றாராம். அவர் காதில் வாங்காமல் பஸ் நிற்குமிடத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

“வண்டியில குத்தம் கிடைக்கலைன்னதும் எம்மேல வெச்சுட்டார்” என்றாள் ஜெயா. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. “ஏழு மாசமா வண்டியப் பத்தியே கேட்டிண்டிருக்கேன். வரணும்னு இருக்கா உங்களுக்குன்னு ஒரு தடவை கேக்கலை பாரு. மடச்சி.”

‘விடு, வேற வண்டி வரும்’ என்று சொல்ல வாயெடுத்து, அந்தப் பொய்யைச் சொல்லக் கூசி, தண்ணீர்க் கூஜாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“ஏய், அது என் கதைடீ!”

“சனிக்கிழமை வருவார் இல்லையா? சாப்பிட்டானதும் இதைக் கையில கொடுக்கப் போறேன். நீங்க ஜீப் வாங்கியாச்சு, படியுங்கோம்பேன். இதுல என்ன குத்தம்னு சொல்லட்டும்.”

“சொல்லிட்டார்னா?”

“சொல்லிட்டார்னா ரத்னாபாய்க்கு வீடு வேண்டாம்னு ஆளனுப்பிடறேன். அப்புறம் சனிக்கிழமை பஸ்ஸுக்கும் அவர் சிரமப்பட வேண்டாம்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு காரியரைத் திறந்து, மணி அடிக்கும் வரை ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

7

ஆக, என் கதைக்கு முடிவு இருந்தது. அது இப்போது என்னிடம் இல்லை. நகலெடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். வைத்திருக்கலாம். கை வலி.

மாற்று முடிவுகள் இரண்டு மூன்று யோசித்தேன். பிச்சைக்கனி கோபத்தில் ஜீப்பை இனாமாகவே கொடுத்துவிடுவது. (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.) போனக்காட்டு வழியில் மண் சரிந்து, ராமசுப்ரமணியன் ஒரு வாரம் மேலேயே மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஏங்குவது. (அவர் ஏங்காமல் போய்விட்டால்?) ஜெயாவே ஜீப் ஓட்டப் படித்து—

வேண்டாம். அவளும் அலுத்துப்போயிருக்கிறாள், அவளை இன்னும் எங்கே ஓட விடுவது?

இன்று சனிக்கிழமை. காலையிலிருந்து மழை விடவில்லை. மலைப் பஸ் இந்நேரம் கிளம்பியிருக்கும், அல்லது கிளம்பாமலும் இருக்கும். இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது இந்த ராத்திரி என்றைக்கோ முடிந்துபோன விஷயமாகியிருக்கும். எனக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

அந்தத் தாளில் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை, ராமசுப்ரமணியன் ஸார். கடைசியில் நீங்கள் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மழை. ஜெயா ஆபீஸ் விட்டு வந்து நெடுமங்காட்டில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். “ஏறிக்கோ, ஆத்துக்குப் போலாம்” என்கிறீர்கள். அவ்வளவுதான்.

அவசரத்தில் எழுதியது, எழுத்துப் பிழை இரண்டு மூன்று இருக்கும். இருந்தால் அதைச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.