பட்டையில் ஒரு முறுக்கு

குழந்தைக்கான மூன்றாவது கார் இருக்கையோடு அவன் வந்து இறங்கியபோது அவள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இடுப்பில் குழந்தை இல்லை. வேண்டுமென்றேதான் அதை அக்காவிடம் கொடுத்து உள்ளே உட்கார வைத்திருந்தாள். அப்பனைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவும். அந்தக் கண்றாவியைப் பார்க்க அவளால் ஆகாது.

உருண்டை என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடும் அந்தக் குழந்தைக்குப் பத்து மாதம். பிறந்த கொஞ்ச நாளிலேயே புருஷனோடு இருக்கப் பிடிக்காமல் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரியவர்கள் கூடிப் பேசியதில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கக் குழந்தையை அப்பா அழைத்துப் போகலாம் என்று முடிவானது. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். காரில் குழந்தைக்கான இருக்கை இருக்க வேண்டும், அதை ஒழுங்காகப் பொருத்தியிருக்க வேண்டும், அவள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் குழந்தை வண்டி ஏறும். கேட்டவர்கள் எல்லாம் என்ன பொறுப்பு, என்ன பொறுப்பு என்று மெச்சினார்கள். பொறுப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவனுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. இரண்டு தடவை திருப்பி அனுப்பினால் போடி நீயுமாச்சு உன் நிபந்தனையுமாச்சு என்று போய்விடுவான் என்பது அவள் போட்ட கணக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தப்பாகப் போட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

முதல் தடவை யாரோ நண்பன் வீட்டில் சும்மா கிடந்தது என்று ஒரு பழைய இருக்கையைத் தூக்கி வந்தான். எந்த விபத்தில் அடிபட்டதோ, யார் கண்டது, வேண்டாம் என்றாள். இரண்டாவது புதுசு. ஆனால் முன்பக்கம் பார்த்து உட்காரும் பெரிய பிள்ளைகளுக்கானது. வண்டி திடீரென்று நின்றால் இந்த வயசுக் கழுத்து தாங்காது, குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்று பாடம் நடத்தித் திருப்பி அனுப்பினாள். இந்தத் தடவை அவன் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே தெரிந்துவிட்டது, சரியானதுதான். இனிப் பொருத்துவதில்தான் குறை கண்டுபிடிக்க வேண்டும்.

“முன்சீட்டை நல்லா முன்னாடி தள்ளுங்க. இல்லன்னா பின்னாடி உக்காராது,” என்றாள்.

இந்த ‘ங்க’ இருக்கிறதே, அது தனிக்கதை. காதலித்த காலத்திலிருந்தே அவனை வாடா போடா என்றுதான் கூப்பிடுவாள். மாமியார் முகத்தைச் சுளித்துப் பார்த்தார், இவள் விடவில்லை. வீட்டை விட்டு வந்த நாளிலிருந்துதான் நீங்க, வாங்க, போங்க எல்லாம். நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டினால்கூடச் சிரிப்பான். அந்த மரியாதையைக் கேட்டால் மட்டும் அவன் முகம் செத்துவிடும். அது தெரிந்துதான் அவள் வாரி வழங்கினாள்.

காரோ தீப்பெட்டி. ஆளோ ஓங்குதாங்கு. பின்கதவு வழியாகப் பாதி உடம்பை உள்ளே நுழைத்து, கால் இரண்டும் தெருவில் கிடக்க, அவன் முக்கிக்கொண்டும் முனகிக்கொண்டும் கிடந்தான். தலை கூரையில் இடித்தது. ஜன்னலுக்கு வந்து வேடிக்கை பார்த்த அக்கா, “வண்டிய இவர் மாட்டிக்கிட்டாரா, சீட்டை மாட்டறாரா?” என்றாள். தங்கை சிரிக்கவில்லை. எப்போது வெறுத்துப்போய் உதறுவான் என்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக வெளியே வந்து, சட்டையால் முகத்தைத் துடைத்தான்.

“முடிஞ்சுது. பாத்துக்கோ.”

அவள் குனிந்து இருக்கையைப் பிடித்து ஆட்டினாள். ஒரு விரல்கடை அசையலாம். இது ஒரு சாண் ஆடியது. காரின் பெல்ட்டைத் தடவிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் விரலை நிறுத்தினாள்.

“இது என்ன முறுக்கு?”

“நான்தான் விட்டேன். லோடு கட்டறப்ப பட்டையில ஒரு முறுக்கு விடணும். இல்லன்னா காத்துல படபடன்னு அடிச்சுத் தளந்துடும். இத்தனை வருஷமா லாரி ஓட்டறேன், ஒரு மூட்டை கீழ விழுந்ததில்ல.”

“காருக்குள்ள எங்கேருந்து காத்து வருது? பெல்ட்டு தட்டையா இருந்தாத்தான் பிடிக்கும்.” நிமிர்ந்தாள். “மூட்டையில்ல இது. உங்க பொண்ணு.”

அவளுக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. கழற்றி எடுத்துக்கொண்டு போங்க, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள். குரலில் கொஞ்சம் வருத்தம்கூடச் சேர்த்துக்கொண்டாள். ஜெயித்தவர்களுக்கு அது சுலபம்.

அவன் தகராறு செய்யவில்லை. குனிந்து பெல்ட்டை விடுவித்தான். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான்.

“கார் சின்னது. இதுல யாராலயும் சரியா மாட்ட முடியாது. உன்னாலயும் ஆகாது.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றாள் அக்கா ஜன்னலிலிருந்து.

அவள் அப்போதே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். போயிருந்தால் கதை முடிந்தது. ஆனால் அவளிடம் முடியாது என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

“என்னால ஆகாதா? நகருங்க.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஏறினாள். பெல்ட்டை முறுக்கு எடுத்துத் தட்டையாக்கி, அது போக வேண்டிய வழியில் செலுத்தி, கொக்கியில் மாட்டினாள். பிறகு இருக்கையின் மேல் ஒரு முட்டியை ஊன்றி மொத்தக் கனத்தையும் இறக்கினாள். இறுக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து அவன் பட்டையைப் பிடித்தான். இரண்டு தலைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அவன் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. அவளுக்கு எரிச்சலாக வந்தது, அழுகையும் வந்தது.

“இழுங்க.”

இழுத்தான்.

“இன்னும். இன்னும் இழுங்க. பட்டை நழுவுது, விடாத. இழுடா!”

சொல்லிய பிறகுதான் காதில் விழுந்தது. அவன் கை ஒரு கணம் நின்றது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழு இழுத்தான், பட்டை வாங்கிக்கொண்டது.

அவள் இறங்கி, இருக்கையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். கார் முழுசும் குலுங்கியது. இருக்கை இம்மி அசையவில்லை. தப்பு ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். சாய்மானம், கொக்கி, பட்டை எல்லாம் சரி. அவளே செய்தது, எப்படித் தப்பாக இருக்கும்? அப்போதுதான் உறைத்தது. தன் கையாலேயே குழந்தையை அனுப்பிவைக்க வழி செய்துவிட்டாள்.

“ஆகாதுன்னு சொன்னா நான் வந்து மாட்டுவேன்னு தெரிஞ்சுதானே சொன்னீங்க?”

அவன் வாசல் பக்கம் திரும்பினான். வாசலில் அக்கா உருண்டையோடு நின்றிருந்தாள். அது இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவனிடம் தாவியது. அவன் அதை இருக்கையில் வைத்து, வார்களைத் தோளில் மாட்டி, ஒவ்வொன்றையும் முறுக்கு இல்லாமல் தடவிப் பார்த்துப் பூட்டினான். அவளே பாராட்டுகிற மாதிரி செய்தான். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

“இருட்டறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடுங்க.”

“சரிங்க,” என்றான். “வரேங்க.”

இதுவரை அவன் அவளிடம் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பதிலுக்கு என்ன சொல்வது என்று தேடுவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

பின்கண்ணாடிக்குள் உருண்டையின் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் அது நேரே அவளைத்தான் பார்த்துக்கொண்டு போனது. கையை ஆட்டினால் அம்மாவை விட்டுப் போகிறோம் என்று புரிந்து அழும். அழுதால் தெருமுனையிலேயே திருப்பிக்கொண்டு வந்துவிடுவான். அவள் தெருவில் இறங்கி, கையை உயர்த்தி வேகமாக ஆட்டினாள். கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் இடுங்கின. அது சிரித்துக்கொண்டிருந்தது.