கனமில்லாத ரீல்

கடைக்காரர் ஜாஃபர் எடுத்து வைத்த தூண்டில் ரீலைச் சேதுபதி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இடது கையில் ஊன்றுகோல். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, வெளியே ஜாலான் புசார் சாலையில் போகிற பேருந்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ரீலைத் தூக்கிப் பார்த்தவள் அவர் மனைவி விசாலாட்சிதான். கழுத்தில் கிடக்கிற தாலிச் சங்கிலிகூட இதைவிடக் கனம் என்று அவளுக்குத் தோன்றியது.

"ட்ரௌட் மீனுக்கு இதுக்கு மேல லைட்டா என்கிட்ட இல்ல ஆன்ட்டி," என்றார் ஜாஃபர். சுற்றிலும் ஆணியும் குழாயும் விற்கிற கடைகளுக்கு நடுவே தூண்டில் கடை வைத்திருப்பவர். போன வாரமும் விசாலாட்சி இங்கேதான் வந்து ஒரு ரீல் வாங்கிப் போனாள். கனம் என்று சேதுபதி தள்ளிவிட்டார். அதைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிப் போனாள். அதுவும் கனமாம். இந்தத் தடவை மனிதரையே டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கொஞ்சம் பிடிச்சுத்தான் பாருங்களேன்," என்றாள். குரல் கெஞ்சியது. கெஞ்சுவதற்கெல்லாம் இப்போது அவள் வெட்கப்படுவதில்லை.

சேதுபதி துறைமுகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் யாமினி நியூசிலாந்தில் இருக்கிறாள். அங்கே மாப்பிள்ளை அகிலன் ஒருநாள் விளையாட்டாக ஆற்றுக்கு அழைத்துப் போனதோடு சரி, மாமனாருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. இந்த மீனுக்குப் புழு கூடாதாம். இறகிலும் நூலிலும் கட்டிய பொய்ப் பூச்சியை, தண்ணீர் மேல் சாட்டை மாதிரி வீசவேண்டுமாம். ஆண்டுதோறும் போவார், இடுப்பளவு குளிர்ந்த நீரில் நாள் முழுக்க நிற்பார், பிடித்த மீனைத் தடவிக்கொடுத்துத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டு வருவார். குழம்புக்கு ஆகாத மீனுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று விசாலாட்சி கிண்டல் செய்யாத வருடம் கிடையாது.

இப்போது கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. சில மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, காலாவது ஓரளவு தேறியது. கை தேறவில்லை. விரல்கள் மெதுவாக மூடும், திறக்கும், அவ்வளவுதான். அதைவிட மோசம், மனிதர் வாயை மூடிக்கொண்டதுதான். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் அறைக்குள் போய்விடுவார். கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஊட்டினால்தான் சாப்பாடு.

அண்மையில் ஒருநாள் அடுக்குமாடி வீட்டு வாசல் நடைபாதையில் இருந்த மணிப்ளான்ட் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, மண்ணுக்குள் கரைந்தும் கரையாமலும் மாத்திரைகள் கிடந்தன. அவள் தினமும் கையில் கொடுத்த இரத்த அழுத்த மாத்திரைகள். தொட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த மனிதர் சாகத் தீர்மானித்துவிட்டார், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அதை அவளால் தாங்க முடியவில்லை. அதற்கப்புறம் மாத்திரையை வாயில் போட்டுவிட்டு விழுங்கும்வரை எதிரே நிற்பாள். நின்றாலும் நம்பிக்கையில்லை.

யாமினியிடம் மட்டும் சொல்லி அழுதாள். யாமினி அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஆறு அப்படியேதான் இருக்குப்பா. டிக்கெட் போட்டுட்டேன், வாங்க." அன்றைக்குத்தான் அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. "லைட்டா ஒரு ரீல் கிடைச்சா வரேன்," என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் விசாலாட்சி நாயாக அலைகிறாள். சனிக்கிழமை விமானம்.

ஜாஃபர் ரீலை நீளமான கழியில் பூட்டி நீட்டினார். சேதுபதி ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு, வலது கையை வெளியே எடுத்தார். விரல்கள் பிடியை மூடின. விசாலாட்சி மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். பிள்ளையாரப்பா, இது ஒன்று மட்டும்.

கழியின் முனை மெல்லத் தாழ்ந்தது, தரையைத் தொட்டது, பிறகு மொத்தமும் கைநழுவி விழுந்தது.

"பரவால்ல அங்கிள், ஒண்ணும் ஆகல," என்று ஜாஃபர் குனிந்து எடுத்தார். "இடது கையில பிடிங்களேன் லா. கைப்பிடிய வலப்பக்கம் மாத்தித் தர்றேன், அஞ்சு நிமிஷ வேலை. இடது கையால வீசுங்க, வலது கையால மெல்ல சுத்துங்க."

"அந்தப் பேச்சே வேணாம்!" என்று கத்தினார் சேதுபதி. இத்தனை மாதத்தில் அவர் கத்தியது அன்றுதான். ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறிவிட்டார்.

விசாலாட்சி ஓடிப்போய்க் கடை வாசல் நடையில் அவரைப் பிடித்தாள்.

"வேற கடை பாக்கலாங்க. இன்னும் லைட்டா..."

"ரீல் லைட்டா ஆக ஆகக் கழி முனைதான் கனக்கும்," என்றார் அவர். "பின்னால பாரம் இருந்தாத்தான் கழி சமமா நிக்கும். அது எனக்கு நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா என்னை அலைய விட்டீங்க?"

"எதுவும் ஒத்துவரலன்னு நீயே சொல்லிட்டா, போக வேண்டியதில்லன்னு இருந்தேன்."

அவளுக்கு அங்கேயே அவரை நாலு சாத்து சாத்தலாமா என்றிருந்தது. "இடது கை நல்லாத்தானே இருக்கு? அதுல பிடிச்சா என்ன குறைஞ்சு போச்சு?"

சேதுபதி ஊன்றுகோலைப் பிடித்திருந்த தன் இடது கையைப் பார்த்தார். பிறகு, "நீதானே வேணாம்ன," என்றார்.

"நானா?"

"ஆஸ்பத்திரியில. பக்கத்து வீட்டு ரத்தினம்மா செண்பக விநாயகர் கோயில்லேருந்து திருநீறு கொண்டாந்தாங்க. நான் இந்த இடது கைய நீட்டினேன். 'ஐயோ, அந்தக் கையாலயா'ன்னு புடிச்சு இழுத்த. செத்த கைய விரிச்சு அதுல போட்டீங்க. பூரா தரையில கொட்டுச்சு. வார்டே பாத்துது." அவர் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். "அங்க போனா மாப்பிள்ளையோட அம்மா அப்பா எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. நான் எந்தக் கைய நீட்டுறது?"

விசாலாட்சிக்கு அது நினைவுகூட இல்லை. யோசித்து இழுத்த கையா அது? பிறந்ததிலிருந்து பழகிய கை, தானாகப் போய் இழுத்திருக்கிறது. ஊட்டுவதைத்தான் பணிவிடை என்று நினைத்திருந்தாள். மண்ணுக்குள் கிடந்த மாத்திரைகள் கண்முன் வந்தன. அவற்றைத் தானே புதைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சிராங்கூன் சாலை நெருங்கும்வரை எங்கே என்று அவர் கேட்கவுமில்லை. மதிய நேரம், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூட்டம் நெரிந்தது. நட்டநடு மேசையாகப் பார்த்து அவரை உட்கார வைத்தாள். இலை போட்டார்கள். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. சேதுபதி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

விசாலாட்சி வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள். இடது கையைச் சோற்றில் வைத்தாள்.

எவ்வளவு கூசியது என்று சொல்லி மாளாது. சின்ன வயதில் இதற்கு அம்மாவிடம் வாங்கிய அடி முதுகில் திரும்ப விழுந்தது. விரல்களுக்குப் பிசையத் தெரியவில்லை. சாம்பார் மணிக்கட்டில் வழிந்தது, பாதிச் சோறு புடவையில் விழுந்தது. பக்கத்து மேசைப் பெண்மணி கணவனை இடித்துக் காட்டினாள். ரசம் கொண்டுவந்த பையன் வாளியோடு நின்றுவிட்டான்.

"விசாலம், போதும். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்." அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. "நான் தப்பு பண்ணிட்டேங்க. நீங்க இருக்கணும். எந்தக் கையால தின்னாலும் சரி, நீங்க எனக்கு இருக்கணும்."

அடுத்த கவளமும் சிந்தியது. அதற்கடுத்ததும். அவள் நிறுத்தவில்லை.

மடியிலிருந்து சேதுபதியின் இடது கை மேலே வந்தது. இலை ஓரத்தில் கொஞ்சம் தயங்கியது. பிறகு சோற்றைப் பிசைந்து, அவளைவிட நன்றாகவே, வாய்க்குக் கொண்டுபோனது. இரண்டாவது கவளத்தில் அவர் தோள்கள் குலுங்கின. மென்றுகொண்டே அழுதார்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தாள். வாயில் போடப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அவர் கழுவிய இடது கையை நீட்டினார். உள்ளங்கையில் வைத்தாள். விழுங்கினாரா என்று பார்க்காமல் இருப்பதற்காக, வேண்டுமென்றே தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தண்ணீர்க் குவளை மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அலமாரியில என் பழைய ரீல் கிடக்கும்," என்றார் சேதுபதி. "ஜாஃபர்கிட்ட குடுத்து கைப்பிடிய மட்டும் மாத்தச் சொல்லு."

"அது இரும்புக் குண்டாட்டம் கனக்குமேங்க?"

"இந்தக் கைக்குக் கனக்காது," என்றார்.