சில்லுவுக்கு மொறுமொறுன்னு இருக்கு

மாடிப்படி ஏறியதும் வலப்பக்கம் இருப்பது சின்னப் பிள்ளைகளின் அறை. கீழே சைக்கிள் கடை. பம்ப் அடிக்கிற சத்தமும் மணி அடித்துப் பார்க்கிற சத்தமும் நாள் முழுக்க மேலே ஏறி வரும். பிள்ளைகள் போடுகிற கூச்சல் கீழே இறங்கிப் போகும். இரண்டு தரப்புக்கும் அதில் வருத்தம் கிடையாது.

அங்கே இருப்பது இரண்டே மிஸ். பள்ளியை ஆரம்பித்தவர் பெரிய மிஸ். மற்றவள் மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணாடி மிஸ். இங்கே வருவதற்கு முன்னால் அவள் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஃபோன் எடுக்கிற வேலையில் இருந்தாள். வாஷிங் மெஷின் வாங்கி நொந்துபோனவர்களின் ஏச்சையெல்லாம் வாங்கி வாங்கி அவள் காது தேர்ந்துவிட்டது. எதிர்முனையில் இருப்பவர் ஹலோ சொல்வதற்கு முன்னால் இழுக்கிற மூச்சை வைத்தே, இவர் கத்தப்போகிறாரா அழப்போகிறாரா என்று கண்டுபிடித்துவிடுவாள். அந்தத் தைரியத்தில்தான் சின்னப் பிள்ளைகளிடம் வந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, பிள்ளைகள் கத்தப்போவதும் அழப்போவதும் சிரிக்கப்போவதும் ஒரே மூச்சில்தான் என்று.

அந்தத் தடவை பள்ளி திறந்ததும் பெரிய மிஸ் முகப்படம் போட்ட அட்டைகள் வாங்கி வந்திருந்தார். சிரிக்கிற முகம், அழுகிற முகம், புருவம் நெரித்த கோபமுகம், வாய் பிளந்த பயந்த முகம். பிள்ளைகள் காலையில் வந்ததும் ஆளுக்கொரு அட்டையை எடுத்துத் தங்கள் ஃபோட்டோவுக்குக் கீழே மாட்ட வேண்டும். மனசில் இருப்பதைச் சொல்லத் தெரிந்த பிள்ளை கடிக்காது, கிள்ளாது, தரையில் விழுந்து புரளாது என்பது பெரிய மிஸ்ஸின் நம்பிக்கை. கண்ணாடி மிஸ்ஸுக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

பிள்ளைகள் சந்தோஷமாக மாட்டினார்கள். பெரும்பாலும் சிரித்த முகம்தான். மூக்கு ஒழுக ஒழுக அழுதுகொண்டு வந்தவன்கூட அதைத்தான் எடுத்தான், அதில் மஞ்சள் கலர் நன்றாக இருந்ததாம்.

சில்லு மட்டும் எதையும் எடுக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் மகள். உருவத்தில் சின்னவள் என்பதால் அப்பா வைத்த பட்டப்பெயர் அது. ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வேற இல்லையா மிஸ்?" என்றாள்.

"என்ன வேணும் உனக்கு?"

"மொறுமொறு."

கண்ணாடி மிஸ் சரியாகக் காதில் விழவில்லையோ என்று குனிந்தாள். சில்லு பொறுமையாக, காது மந்தமானவர்களிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "எனக்கு மொறுமொறுன்னு இருக்கு மிஸ்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பசிக்கிறது போல, பிஸ்கட் கொடு என்றார் பெரிய மிஸ். கொடுத்தாள். சில்லு வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள், கன்னம் புடைத்தது, அவ்வளவுதான். மெல்லவில்லை. கதை சொல்லி முடித்துப் பாட்டும் ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கன்னம் வடிந்தது.

மறுநாளும் அதே கதை. எங்கே மொறுமொறு என்று கேட்டால், இரண்டு காதுக்கும் கீழே தாடையில் விரலை வைத்துக் காட்டினாள். பல் வலியோ என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள் கண்ணாடி மிஸ். எல்லாப் பல்லும் அரிசி மாதிரி சுத்தமாக இருந்தது. கோபமா என்று கேட்டாள், இல்லை. அழுகையா, இல்லை. பயமா, இல்லை. சந்தோஷமா என்று கேட்டதற்கு, இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வைதான் கிடைத்தது.

அது கண்ணாடி மிஸ்ஸைக் குடைய ஆரம்பித்தது. பஸ்ஸில் போகும்போதும் குடைந்தது. நாமும் அப்படித்தானே பேசுகிறோம் என்று யோசித்தாள். நெஞ்சு படபடங்குது, கை துறுதுறுங்குது, முகத்தைக் கடுகடுன்னு வச்சிருக்கான். உடம்புக்குள் நடப்பதை அட்டை பார்த்தா சொல்கிறோம்? சரி, அந்த வழியாகவே போய்ப் பார்ப்போம் என்று அடுத்த நாள் அட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு, "உள்ள எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மடை திறந்தது. ஒருத்திக்குக் குளுகுளு. ஒருத்தனுக்கு வயிற்றில் குடுகுடு. அம்மாவுடன் சண்டை போட்டுவிட்டு வந்த ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு நறநற என்றாள். கடைசி வரிசையில் ஒரு பையன் ரொம்ப சோகமாக, தனக்குத் தொளதொள என்று இருப்பதாகச் சொன்னான். கண்ணாடி மிஸ் உருகிப்போய் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு விசாரித்தாள். ஜட்டியின் எலாஸ்டிக் அறுந்திருந்தது.

பெரிய மிஸ் இதையெல்லாம் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போன பிறகு, நல்லாத்தான் இருக்கு, ஆனால் பெற்றவர்கள் வந்து கேட்டால் உங்கள் பெண்ணுக்கு மொறுமொறு, உங்கள் பையனுக்குத் தொளதொள என்றா சொல்வது என்று கேட்டார். கொஞ்ச நாள் பார்க்கிறேன் மேடம் என்றாள் கண்ணாடி மிஸ்.

சாயங்காலம் சில்லுவைக் கூட்டிப்போக அப்பா வந்தார். கையில் க்ரீஸ் கறை, தோளில் கருவிப் பை. வீட்டில் ஏதாவது புதிதாக நடந்ததா என்று விசாரித்தாள் கண்ணாடி மிஸ். மனைவியின் தங்கை பிரசவமாகிக் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள், அவள் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, பச்சை உடம்புக்காரியைத் தனியாக விட மனசில்லாமல் இங்கேயே வைத்துக்கொண்டோம் என்றார். சில்லு எப்படி இருக்கிறாள் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"தங்கம் மிஸ். முன்னாடியெல்லாம் வீட்டையே ரெண்டு பண்ணுவா. இப்ப இவ இருக்கிற இடமே தெரியல."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். கண்ணாடி மிஸ்ஸுக்கு மூக்கில் வேர்த்தது. ஃபோனில் அவளைப் பயமுறுத்தியது கத்துகிறவர்கள் இல்லை, திடீரென்று சத்தம் நின்றுபோகிறவர்கள்தான்.

விஷயம் பொம்மை மூலையில் பிடிபட்டது. மற்றவர்கள் வெளியே சறுக்கு மரத்தில் இருந்தார்கள். சில்லு ஒரு பொம்மையைத் துணி சுற்றிப் படுக்க வைத்திருந்தாள். இன்னொரு பொம்மையை மடியில் உட்கார வைத்து, அதன் வாயில் ஒரு மரக்கட்டையை வைத்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். "ரஸ்க்கை கடிக்காத. ஊற வை. கடிச்சா சத்தம் வரும்."

கண்ணாடி மிஸ் தரையில் உட்கார்ந்தாள். அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சத்தம் வந்தா?"

"பாப்பா எழுந்துக்கும்."

"எழுந்துகிட்டா?"

சில்லு கட்டையைப் பொம்மையின் வாயில் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"ஊற வச்சா பொம்மைக்கு எப்படி இருக்கும்?"

"மொறுமொறுன்னு இருக்கும்."

"அது எப்ப போகும்?"

அதைச் சில்லு யோசித்தாள். இதுவரை யாரும் கேட்காத கேள்வி போல. "போகாது மிஸ்," என்றாள். "வாயில இருக்கறது கரைஞ்சுடும். மொறுமொறு மட்டும் உள்ளயே நிக்கும்."

கண்ணாடி மிஸ்ஸுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, இதற்குப் பெயர் கோபம்டா கண்ணா என்று. சொல்லவில்லை. கோபம்தானா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

அன்று சாயங்காலம் கடையில் ஒரு பாக்கெட் ரஸ்க் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவளும் தம்பியும்தான் வீட்டில். அவன் சோபாவில் சாய்ந்துகொண்டு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து ஒரு முழு ரஸ்க்கை வாயில் வைத்துக் கடிக்காமல் இருந்தாள். முதலில் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் எச்சில் ஊறியது. பற்கள் தாமாகவே நெருங்கி வந்தன, இழுத்துப் பிடித்தாள். தாடையில், காதுக்குக் கீழே, சில்லு காட்டிய அதே இடத்தில் ஒரு குடைச்சல் ஆரம்பித்தது.

தம்பி திரும்பிப் பார்த்து, என்னக்கா பல் வலியா என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். இவளுக்கு அவன் மண்டையில் ஒன்று போடலாம் போல இருந்தது. கூடவே, புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, கெட்ட வார்த்தையில் திட்டுகிறவனிடம் "புரியுது சார், சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்" என்று சொன்ன நாட்கள் எல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வந்தன. கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் அழுகை இல்லை. கோபம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. நல்லவளாக இருக்க வேண்டும் என்கிற பிடிவாதமும் அதில் கலந்திருந்தது. இதற்கு எந்த முகத்தை வரைவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மிச்ச ரஸ்க்கைக் கடித்துத் தின்று முடித்தாள். தம்பி டிவி சத்தத்தைக் கூட்டினான்.

அடுத்த நாள் சில்லுவின் அம்மாவை வரச் சொன்னாள். க்ளினிக்கில் வரவேற்பில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அடையாள அட்டையைக் கழற்றாமலே ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது. வீட்டில் யாரும் பிள்ளையை அதட்டவில்லை, சத்தம் போடாதே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள் என்றாள்.

"நீங்க திட்டினீங்கன்னு நான் சொல்லல. ரஸ்க் சாப்பிட்டு ஏதாவது நடந்துதா? அதைத்தான் தெரிஞ்சுக்க ஆசைப்படறேன்."

அம்மா இல்லையென்று தலையாட்டப்போனவள், நடுவில் நிறுத்தினாள்.

தங்கச்சி வந்த புதுசில் ஒரு சாயங்காலம். குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. சில்லு பக்கத்தில் உட்கார்ந்து ரஸ்க் கடித்தாள். குழந்தை வீல் என்று எழுந்தது. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அப்படியே சுவரில் சாய்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். அம்மா ஓடிப்போய்த் தங்கையைத் தேற்றினாள். அப்பா குழந்தையைத் தூக்கினார்.

"சில்லு?"

"அவ எங்க இருந்தான்னு நான் பாக்கவே இல்ல மிஸ்."

யார் மேலும் தப்பு இல்லை. பெரியவள் ஒருத்தி அழுததைப் பிள்ளை பார்த்தது, ஏன் அழுதாள் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் பிள்ளை தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. இதை நீங்களோ நானோ விளக்கினால் போதாது, அழுதவள்தான் சொல்ல வேண்டும் என்றாள் கண்ணாடி மிஸ். அம்மாவும் ஒத்துக்கொண்டாள்.

வார முடிவில் சித்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாவது படியிலேயே மூச்சு வாங்கி நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். உள்ளே பிள்ளைகள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியை விடாமல் அடித்தார்கள். குழந்தை அத்தனை கூச்சலிலும் அசையாமல் தூங்கியது. வீட்டில் ஃபேன் நின்றால் எழுந்துவிடுகிற பிள்ளை இது, பாருங்களேன் என்று சித்தி வியந்துபோனாள்.

கண்ணாடி மிஸ் பொம்மை மூலையில் பாய் போட்டுக் கொடுத்தாள். சில்லு வந்து உட்கார்ந்தாள், சித்தியைத் தொடாத தூரத்தில்.

சித்திக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மிஸ்ஸைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் அழுதேன்ல, அது நீ ரஸ்க் கடிச்சதால இல்லடி," என்றாள் கடைசியில். "எனக்குத் தூக்கமே இல்ல. உங்க சித்தப்பா ஃபோனும் வரல. காலையில இருந்தே அழணும்போல இருந்துச்சு, அடக்கிக்கிட்டே இருந்தேன். பாப்பா எழுந்ததும் வந்துடுச்சு. நீ கடிக்காம இருந்திருந்தாலும் நான் அழுதிருப்பேன்."

சில்லு நன்றாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அடக்கினப்போ எங்க இருந்துச்சு?" என்று விசாரித்தாள்.

சித்தி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். சில்லு எழுந்து வந்து அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இப்ப இருக்கா?"

"கொஞ்சம்."

கண்ணாடி மிஸ் தட்டில் ரஸ்க் எடுத்து வந்து வைத்தாள். சில்லு ஒன்றை எடுத்தாள், குழந்தையைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். சித்தியும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். சித்தி முதலில் கடித்தாள். சில்லு கண்ணை இறுக மூடிக்கொண்டு கடித்தாள். அந்தச் சத்தத்துக்கு, தகர டப்பாவுக்கெல்லாம் அசையாத குழந்தை, கண் விழித்து வீறிட்டது.

சில்லு உறைந்துபோனாள். சித்தியின் முகத்தையே பார்த்தாள். சித்தி பிள்ளையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, வாயில் இருந்த ரஸ்க்கை மென்றுகொண்டே, எழுந்துட்டியா கழுத, நீயும் வா கச்சேரிக்கு என்றாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு. சில்லு அதைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு மிச்சத்தையும் கடித்தாள். அடுத்ததை எடுத்தாள். மடியெல்லாம் தூள்.

அதற்குப் பிறகு நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு வாரம் போல அவள் தொட்டதற்கெல்லாம் கத்தினாள். ஒருநாள் பெயிண்ட் டப்பாவை வீசினாள். கோபமா என்று கேட்டதற்கு, "ஆமா, கோபம்" என்று பட்டென்று சொன்னாள். வீசக்கூடாது, சொல்லலாம் என்றாள் மிஸ். சரி என்றாள். பெரிய மிஸ் அட்டைப் பெட்டியில் சில வெற்று அட்டைகளைச் சேர்த்து வைத்தார், யாராவது புதிதாக ஏதாவது கேட்டால் இருக்கட்டும் என்று.

ஒரு சாயங்காலம் அப்பா வந்தபோது கொஞ்ச நேரம் படியிலேயே நின்றார்.

"லிஃப்ட்ல ஒரு போல்ட் லூசானாகூட சத்தத்தை வச்சே சொல்லிடுவேன் மிஸ். வீட்ல சத்தம் நின்னுபோனது கோளாறுன்னு எனக்குத் தெரியல."

இப்போது எப்படி என்று கேட்டாள் மிஸ். காது கொடுக்க முடியவில்லை, குழந்தை ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம், மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து கேட்டுவிட்டுப் போனார் என்றார். அதற்குள் சில்லு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து, அவருடைய கருவிப் பையைப் பிடித்து இழுத்தாள். பாப்பா இன்றைக்குக் காலையில் தூக்கத்தில் உதட்டைப் பிதுக்கியது, அப்போது அதற்கு உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று கேட்டாள். அப்பா தெரியவில்லையே என்றார். மிஸ்ஸுக்கும் தெரியவில்லை. சில்லு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சித்தியைக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் படியிறங்கினாள்.