நால்ரோட்டில் நின்றவர்கள்

தொகுதிச் சாலைகளில் இனி உயிரிழப்பே கிடையாது என்று சட்டமன்ற உறுப்பினர் தம் சனிக்கிழமைச் செய்தியில் அறிவித்த வாரத்திலிருந்து, நால்ரோட்டில் லாரி மோதிச் செத்தவர்கள் கீழே விழவில்லை. அடிபட்ட இடத்திலேயே எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தங்கள் வீடு இருக்கும் திசையைப் பார்த்து நின்றார்கள். மூச்சு இல்லை, நாடி இல்லை, கண் மட்டும் திறந்திருந்தது. தள்ளினால் சாயவில்லை, தூக்கினால் வரவில்லை. கிரேன் வைத்து இழுத்துப் பார்த்ததில் கம்பிக்கயிறு அறுந்ததுதான் மிச்சம்.

ஊருக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. உறுப்பினர் சொல்லுக்கு அப்படி ஒரு ராசி உண்டு என்பது முன்பே தெரிந்த சங்கதி. சனிக்கிழமை காலைகளில் கடைத்தெருக் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கியிலும் எல்லோருடைய போனிலும் அவர் குரல் வரும். சட்டம் ஒழுங்கு, குழாய் உடைப்பு, புதிய போலீஸ் வண்டி, யார் வீட்டுப் பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போவார். தெருவிளக்குகள் சரிசெய்யப்பட்டன என்று ஒரு முறை சொன்னார். விளக்கு எரியவில்லை, ஆனால் அன்று முதல் விட்டில்கள் அந்த இருண்ட பல்புகளைச் சுற்றி மொய்க்க ஆரம்பித்தன. நாய்க்கடியால் இனி யாரும் அவதிப்பட மாட்டார்கள் என்றார். நாய்கள் கடித்துக்கொண்டுதான் இருந்தன, கடிபட்டவர்களுக்கு வலிக்கவில்லை, புண் மட்டும் சத்தமில்லாமல் பழுத்தது. செய்தியை எழுதிக் கொடுப்பவன் அவருடைய தம்பி. பெரியவர், சின்னவர், போலீஸ்காரர் என்று தொகுதியே அவனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டது. உயிரிழப்பே கிடையாது என்ற வரியும் அவன் எழுதியதுதான். முந்தைய வரி கொஞ்சம் சப்பென்று இருந்ததால் சேர்த்தானாம்.

முதலில் நின்றவர் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வண்டியின் பின்சீட்டில் பழைய கம்ப்ரெசரைக் கட்டிக்கொண்டு வந்தவர்மேல் சிமென்ட் லாரி ஏறியது. கம்ப்ரெசர் உருண்டு சாக்கடைக்குள் போயிற்று, அவர் எழுந்து நின்றார். அவர் மனைவி நால்ரோட்டை ஒட்டிய துணிக்கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். அவளுடைய மிஷின் ஜன்னலோரம் இருந்ததால் தலை நிமிரும்போதெல்லாம் புருஷன் தெரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஆள் முடிந்துவிட்டார் என்று அவள் காதோடு சொன்னார். ஆனால் படுத்தால்தான் பிணம், நிற்பவரைப் பிணம் என்று எழுதித் தர முடியாது என்று கையை விரித்தார். நாத்தனார் வந்து, நிற்கிற மனுஷனுக்கு ஒப்பாரி வைத்தால் ஊர் சிரிக்கும், வாயை மூடு என்றாள். அதனால் அவள் அழவில்லை. அழாமல் எத்தனை காலம் இருக்க முடியுமோ அதற்கு மேலும் இருந்தாள். அவர்களுடைய ஒரே மகள் ஸ்கூல் பஸ் ஜன்னலிலிருந்து தினமும் அப்பாவுக்குக் கை காட்டினாள். கூட வந்த பிள்ளைகளும் காட்டினார்கள்.

ஒரு நாள் அரைச் சம்பளம் போனாலும் போகட்டும் என்று அவள் உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனாள். மனு கொடுப்பவர்கள் நிறைந்திருந்த முன்னறையில் தம்பி உட்கார்ந்து மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அவர் செத்துட்டார். ஐயா தன் வாயால ஒரு வார்த்தை சொன்னா போதும், படுத்துடுவார். நான் அடக்கம் பண்ணிக்கிறேன்."

"அக்கா, அவர் இப்ப நிக்கிறாரா, படுத்திருக்காரா?"

"நிக்கிறார்."

"நிக்கிற மனுஷனைப் போய் செத்துட்டார்னு எப்படிக்கா சொல்றது? நாளைக்கு நடந்து வீட்டுக்கு வந்துட்டா நீங்களே சண்டைக்கு வருவீங்க."

அறையே சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு உறுப்பினர் உள்ளேயிருந்து வந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அவளை உட்காரவைத்து, டீ வரவழைத்து, தலையைக் குனிந்துகொண்டு முழுவதும் கேட்டார். பிறகு, ஒன்று என்று சொல்லிவிட்டால் எல்லோரும் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள், ரோட்டை மூடு என்பார்கள், ரோட்டை மூடினால் சிமென்ட் ஆலை போய்விடும், ஆலை போனால் உன்னைப் போல ஆயிரம் பேர் அழுவார்கள் என்று எடுத்துச் சொன்னார். அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

அதற்குப் பின் வருஷங்கள் ஓடின. நடுரோட்டில் நின்ற மெக்கானிக்மேல் இடிக்காமல் வளைக்கப் போய்ப் பால்காரர் வண்டியை லாரிக்குள் விட்டார்; அவரும் நின்றார். பால்காரரை விட்டு விலகப் போய் ஒரு நர்ஸ், நர்ஸை விட்டு விலகப் போய்க் கணக்கு டியூஷன் எடுக்கும் வாத்தியார், அவருக்குப் பின் கல்யாணமாகி ஒரு மாதமே ஆன ஜோடி. நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் வந்து, வெளிச்சம் பட்டால் மின்னும் பெயின்டை எல்லோருக்கும் இடுப்பைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார்கள். ஜோடிக்கு இருவரையும் சேர்த்து ஒரே பட்டையாக அடித்தார்கள், பெயின்ட் மிச்சம். வெயிலில் சட்டைகள் நைந்து உதிர, வீட்டுக்காரர்கள் வந்து வேறு சட்டை மாட்டினார்கள். மெக்கானிக்கின் மகள் பெரியவளானாள். கை காட்டுவதை விட்டாள், பிறகு பஸ்ஸில் மறுபக்கச் சீட்டில் உட்கார ஆரம்பித்தாள். உறுப்பினர் இன்னொரு முறையும் ஜெயித்தார். சாலைப் பாதுகாப்புக்காக அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்கி வரப் போன காரில்தான் தம்பி இருந்தான்.

கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு நால்ரோடு வரை நல்லபடியாக வந்தான். டியூஷன் வாத்தியார்மேல் இடிக்காமல் டிரைவர் வளைத்ததும் லாரி இடித்தது. டிரைவர் தப்பினார். தம்பி கதவைத் திறந்துகொண்டு இறங்கி, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, அண்ணன் வீடு இருக்கும் திசையைப் பார்த்து நின்றான்.

அவர்களுடைய அம்மாவைக் காரில் அழைத்து வந்தார்கள். அவள் சின்ன மகனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. பெரியவனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "ஊரையே நிக்க வச்சியே, இவனையாவது படுக்க வைடா."

உறுப்பினர் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கவில்லை. மறுநாளே, பூ ஜோடித்த வண்டியை நால்ரோட்டில் நிறுத்திவிட்டு, மைக்கைப் பிடித்துத் தழுதழுத்த குரலில், நம் சாலையில் ஒரு உயிரிழப்பு நேர்ந்துவிட்டது என்று அறிவித்தார். தம்பியைத் தாங்கிக்கொள்ள நாலு பேர் கையை விரித்துத் தயாராக நின்றார்கள். அந்தப் பக்கம், பெயின்ட் பட்டை போட்ட கூட்டத்தின் நடுவில், ஃப்ரிட்ஜ் மெக்கானிக் முழங்கால் மடிந்து தார் ரோட்டில் விழுந்தார்.

காலர் தைப்பவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மிஷினை நிறுத்தாமல் எழுந்து ஓடினாள். காலர் ஒன்று ஊசிக்கடியில் தானே சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு கிடந்தது. புருஷனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அத்தனை வருஷத்து அழுகையையும் அங்கேயே அழுதாள். மாலைக்குள் மகளும் நாத்தனாரும் அவளுமாக அடக்கத்தை முடித்தார்கள். வேறு யாரும் வரவில்லை. எல்லோரும் தம்பியைச் சுற்றித்தான் நின்றார்கள். இத்தனைக்கும் அவள் மனசில் முதலில் வந்தது சந்தோஷம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

யார் முதலில் நின்றாரோ அவர்தான் முதலில் விழுவார் என்பது அன்றே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. தம்பியின் முறை வர வேண்டுமானால் இடையில் நிற்கும் அத்தனை பேரையும் உறுப்பினர் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். பால்காரரின் மனைவிக்கும், நர்ஸின் அப்பாவுக்கும், வாத்தியாரின் பிள்ளைகளுக்கும் தலைகால் புரியவில்லை. ரத்தபாசம் சும்மா விடுமா, இந்தச் சனிக்கிழமை சொல்லிவிடுவார் என்று குழி வெட்டச் சொல்லி வைத்தார்கள். ஜோடியின் பெற்றோர் ஒரே குழியா இரண்டா என்று பேசி, ஒன்றே போதும் என்று முடிவு செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை கட்சித் தலைவரிடமிருந்து போன் வந்தது. "ஒண்ணுன்னு சொன்னே, உன் தம்பின்னு நெனச்சு ஜனம் அழுதுச்சு. அடுத்ததைச் சொன்னா, மத்தவங்க எல்லாம் யாருன்னு கேக்கும். பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை கடைத்தெருவில் எல்லோரும் ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் வந்து கூடினார்கள். தம்பி இல்லாததால் உறுப்பினர் தாமே எழுதி வாசித்தார். கீழ்த்தெருக் குழாய் சரிசெய்யப்பட்டது என்றார். போலீஸ் நிலையத்துக்குப் புதிய ஜீப் வந்திருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி நீச்சலில் பரிசு வாங்கியதற்கு வாழ்த்துச் சொன்னார். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "இந்த வாரம் நம் சாலைகளில் உயிரிழப்பு எதுவும் இல்லை" என்றார். குரல் பிசிறவே இல்லை. அவருடைய அம்மா சமையலறையில் போனை அணைத்தாள். சாகும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கட்டிலில் படுத்துச் செத்ததால் அடக்கம் செய்வதில் சிரமம் இருக்கவில்லை.

வெட்டிய குழிகள் மழையில் தாமே மூடிக்கொண்டன. தெருக்குழாயில் காலர் தைப்பவளைப் பார்க்கும்போதெல்லாம் பால்காரரின் மனைவி, உனக்கென்ன, உன் வீட்டுக்காரர் படுத்துவிட்டார் என்று குத்திக் காட்டினாள். கொஞ்ச நாளில் அவளும் ஓய்ந்துவிட்டாள். உறுப்பினர் மூன்றாம் முறையும் ஜெயித்தார். தம்பிக்கு மட்டும் பெயின்ட் அடிக்காமல் நல்ல கோட்டு ஒன்று போட்டு, சுற்றிலும் சின்னதாகப் பூங்கா அமைத்து, கம்பி வேலியும் போட்டார்கள். அவன் தோளில் குருவி உட்காரும். தோட்டக்காரர் விரட்டுவார், வந்து மறுபடி உட்காரும். வெளியூர் லாரிக்காரர்கள் சிமென்ட் ஆலைக்கு வழி கேட்டால், "நேராப் போயி தம்பிகிட்ட இடது பக்கம் திரும்புங்க" என்கிறார்கள். இதுவரை யாரும் வழி தவறியதில்லை.