தோய்ரா யார் கையில்

புகாரா நகரத்துக் கல்யாணங்களில், பெண்கள் கூடியிருக்கும் முற்றத்தில் தாஜினிசா ஆடப்போகிறாள் என்றால் அடுக்களையில் இருப்பவர்கள்கூட அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவருவார்கள். தலையில் தண்ணீர் நிறைந்த பீங்கான் கிண்ணத்தோடு சுழலுவாள். ஒரு சொட்டுச் சிந்தாது. அதைக் கேட்டாலே மஸ்தூராவுக்கு வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்? அந்தக் கிண்ணம் முன்பு அவள் தலையில் இருந்தது.

அப்போதெல்லாம் மஸ்தூரா ஆடுவாள், அவளுடைய உயிர்த்தோழி தாஜினிசா பக்கத்தில் உட்கார்ந்து தோய்ரா அடிப்பாள். தோய்ரா வேறொன்றுமில்லை, உள்விளிம்பில் இரும்பு வளையங்கள் கோத்த கைப்பறை. நடுத்தோலில் விழும் கனத்த அடிக்கு ஆடுகிறவள் மூச்சை இழுப்பாள். ஓரத்தில் விழும் மெல்லிய அடிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள், விட்டுக்கொண்டே சுழலுவாள். மூச்சு அடிவயிற்றில் போய் உட்கார்ந்தால் இடுப்பு நிலைக்கும், முதுகு தானாக நிமிரும், தோள் தொங்கும், மனசு அடங்கும், கிண்ணம் அசையாது. அதுவே நெஞ்சுக்கு ஏறிவிட்டால் தோளும் கூடவே ஏறும், கழுத்து விறைக்கும், அப்புறம் கிண்ணம் தரையில்தான். ஆக, ஆடுகிறவளின் மூச்சு அடிக்கிறவளின் விரலில் இருக்கிறது. தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். விருந்தாளிகளுக்கு எங்கே தெரியும்?

ஹுஸ்னோராவின் கல்யாணத்தில்தான் அந்த அக்கிரமம் நடந்தது. மஸ்தூரா பாதிச் சுழற்சியில் இருந்தபோது தாஜினிசா அடியை முடுக்கினாள். யாருக்கும் தெரியாமல், நைசாக. மூச்சு விட இடமில்லாமல் நெஞ்சில் முட்டியது, கிண்ணம் கல்யாணப் பெண்ணின் காலடியில் விழுந்து உடைந்தது. அபசகுனம் என்று மாமியார் வீடே எழுந்து நின்றது. மஸ்தூரா வாயைத் திறப்பதற்குள் தாஜினிசா முந்திக்கொண்டாள்.

"மூச்சு விடத் தெரியாதவளுக்கு ஆட்டம் எதுக்கு? பாவம், என் தோய்ரா என்ன பண்ணும்?"

அவ்வளவுதான். அடிதான் மாறியது என்று மஸ்தூரா சொன்னபோது, ஆடத் தெரியாமல் பறையைக் குறை சொல்கிறாள் என்று சிரித்தார்கள். அடுத்த கல்யாணத்தில் தாஜினிசாவின் தலையில் கிண்ணம் ஏறியது. மஸ்தூரா பல்லைக் கடித்துக்கொண்டு மற்ற ஆட்டக்காரிகளுக்குத் தோய்ரா அடிக்கப் போனாள். ஆனால் வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசையும்போது கதவைச் சாத்திக்கொள்வாள், தலையில் கிண்ணத்தை வைத்துக்கொள்வாள். அவள் கறுவிக்கொண்டிருந்தது பணத்துக்கோ பேருக்கோ அல்ல. 'நான்தான் செய்தேன்' என்று தாஜினிசாவின் வாயாலேயே, அதே பெண்கள் முன்னால் வர வேண்டும். அது ஒன்றுதான்.

வருஷங்கள் ஓடி, அந்த ஹுஸ்னோராவின் மகளுக்கே கல்யாணம் வந்தது. ஆடுவது தாஜினிசாதான். அவளுக்கு அடிக்கும் பெண் முந்தின நாள் மணிக்கட்டை உடைத்துக்கொண்டதால் ஹுஸ்னோரா மஸ்தூராவைக் கூப்பிட்டனுப்பினாள். வந்தவளிடம், கிண்ணத்தைத் தொடாமல் இருந்தால் போதும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். மஸ்தூரா அதையும் விழுங்கிக்கொண்டாள்.

தாஜினிசாவின் மூஞ்சி செத்துப்போனது. வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"ஏன்டி?" என்றாள் ஹுஸ்னோரா. "மூச்சு விடத் தெரியாதவதான் கிண்ணத்தைப் போடுவான்னு நீதானே சொன்ன? யார் அடிச்சா உனக்கென்ன?"

வகையாக மாட்டினாள். அடிக்கிறவளால் ஆடுகிறவளை விழவைக்க முடியும் என்று எந்த வாயால் சொல்வாள்?

முற்றத்தில் பெண்கள் பச்சைத் தேநீரோடு வட்டமாக உட்கார்ந்தார்கள். மஸ்தூரா வெயிலில் காட்டித் தோலை இறுக்கிய தோய்ராவோடு வந்தாள். எந்தச் சுழற்சியில் முடுக்குவது என்றுகூட முடிவு செய்துவைத்திருந்தாள். அதை நினைத்தாலே விரல்கள் அரித்தன.

அடித்தாள். தாஜினிசா நடந்தாள், கைகளை விரித்தாள், முதல் சுற்றுச் சுற்றினாள். அப்போதுதான் மஸ்தூரா கவனித்தாள். தாஜினிசாவின் கண் எதிர்ச் சுவரில் இல்லை, தோய்ரா அடிக்கும் மஸ்தூராவின் விரல்களில் இருக்கிறது. தோள் காதைத் தொடப் பார்க்கிறது. குதிகால் தரையில் பதியவில்லை. எப்போது முடுக்குவாளோ, எப்போது முடுக்குவாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள்.

மஸ்தூராவுக்குச் சிரிப்பு வந்தது. சீ, இதற்கு எதற்கு நான் கையைக் கறையாக்கிக்கொள்ள வேண்டும்? பயந்து சாகட்டும். அவள் நிதானமாக அடித்தாள். குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் அவ்வளவு சீராக அடித்தாள். தாஜினிசா தன்னைப் பார்த்தபோதெல்லாம் இனிக்க இனிக்கச் சிரித்தாள்.

மூன்றாம் சுழற்சி பாதியில் இருக்கும்போது கிண்ணத்து நீர் தளும்பித் தாஜினிசாவின் நெற்றியில் வழிந்தது. அவள் கிண்ணத்தைக் கையால் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நிறுத்துடி! வேணும்னே அடியை முடுக்குறா! சுத்துறப்ப முடுக்கினா எந்தத் தலையில கிண்ணம் நிக்கும்? எனக்கா தெரியாது? அன்னைக்கு நானே..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொல் வெளியே வந்தாயிற்று. மஸ்தூராவின் கை நிற்கவே இல்லை. அதே சீரான அடி முற்றம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது, மாறவில்லை என்பது எல்லார் காதுக்கும் தெரிந்தது.

ஹுஸ்னோரா எழுந்து வந்தாள்.

"அன்னைக்கு நீயே என்ன?"

தாஜினிசா தலையைத் தொங்கப் போட்டாள்.

"வாயைத் திற. அந்த உடைஞ்ச கிண்ணத்தைச் சொல்லிச் சொல்லியே என் மாமியா சாகுற வரைக்கும் என்னைக் கரிச்சுக் கொட்டினா. நீயே என்ன?"

"நான்தான் முடுக்கினேன்" என்றாள் தாஜினிசா. முணுமுணுப்புத்தான், ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

மஸ்தூரா அப்போதுதான் கையை நிறுத்தினாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. குளிர்ந்த திருப்திதான் வந்தது. எழுந்துபோய்த் தோய்ராவைத் தாஜினிசாவின் கையில் திணித்தாள்.

"உக்காரு. நீ அடி, நான் ஆடுறேன்."

ஹுஸ்னோரா கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு வந்து, தன் கையாலேயே மஸ்தூராவின் தலையில் வைத்தாள். முற்றத்தில் இருந்த அத்தனை கண்களும் தாஜினிசாவின் விரல்களில் போய் நின்றன. அவள் அடிக்கத் தொடங்கினாள். மஸ்தூரா மூச்சை அடிவயிறு வரை இழுத்தாள், குதிகால் தரையைப் பிடித்தது, தோள்கள் தாமாக இறங்கின. விட்டுக்கொண்டே சுழன்றாள். கிண்ணம் அசையவில்லை.

சுழன்று தாஜினிசாவின் பக்கம் வந்தபோது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"தோளை எறக்கு தாஜி. மூச்சு விடு. இன்னும் ரொம்ப நேரம் அடிக்கணும்."

தாஜினிசாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. துடைக்கக் கையை எடுக்க முடியவில்லை. ஒரு அடிகூடப் பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.