கெம்பதுர்க்கத்து வேண்டுதல்

கல்யாணமான எட்டு மாதத்தில் ஹரீஷ்குமாரும் சுமலதாவும் அதிகமாகச் சந்தித்துக்கொண்ட இடம் ஓசூரில் ஒரு பேக்கரி வாசல். சாயங்காலம் அவளுடைய கம்பெனி பஸ் அவளை அங்கே இறக்கிவிடும். சற்று நேரத்தில் அவனுடைய கம்பெனி பஸ் நைட் ஷிப்டுக்கு அவனை அங்கே ஏற்றிக்கொள்ளும். நடுவில் ஒரு முட்டை பப்ஸை ஆளுக்குப் பாதி தின்றபடி குடும்பம் நடத்தினார்கள். சாவியைக் கைமாற்றுவது, காஸ் தீர்ந்ததைச் சொல்வது, கோபித்துக்கொள்வது, சமாதானமாவது எல்லாம் அந்தப் பப்ஸுக்குள் முடிந்தாக வேண்டும். சண்டை பெரிதாக இருந்தால் இரண்டாவது பப்ஸ் வாங்குவார்கள்.

அவளுக்கு வார விடுமுறை செவ்வாய். அவனுக்கு ஞாயிறு. செவ்வாய்ப் பகல் முழுக்க அவன் நைட் ஷிப்ட் அலுப்பில் தூங்கிக்கொண்டிருப்பான்.

"ஒரே ஒரு செவ்வாக்கெழம லீவு போடு மாமா," என்றாள் சுமலதா. "கெம்பதுர்க்கம் போலாம். எங்க தளிக்காரங்க அத்தன பேரும் ஏறிட்டாங்க. நான் மட்டும் பஸ் ஜன்னல்லயே பாத்துனு கெடக்கேன்."

கெம்பதுர்க்கம் தளி போகிற வழியில், மலைமேல் இடிந்து கிடக்கும் பழைய கோட்டை. அதைக் கட்டியது தங்கள் ஆட்கள்தான் என்று தமிழ் பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் மூவரும் சொல்வார்கள். இடித்தது யார் என்று கேட்டால் மூவரும் மற்ற இருவரைக் காட்டுவார்கள்.

லீவு கேட்பதில்தான் சிக்கல். ஹரீஷ் இரண்டு வருடமாக டிரெய்னி. நிரந்தரமாக்கும் கடிதம் அந்த மாதம் வர வேண்டும். லைன் இன்சார்ஜ் வெள்ளைச்சாமி சரி என்று எழுதினால்தான் வரும். விருதுநகர்ப் பக்கத்துக்காரரான அவர் தன் கல்யாணத்துக்கே அரைநாள் லீவுதான் போட்டார் என்று லைனில் பேச்சு. மீதி அரைநாள் ஓவர்டைம் பார்த்தாராம்.

திங்கட்கிழமை ஹரீஷ் அவருக்குப் போன் செய்தான். "சார், வீட்ல வழுக்கி விழுந்துட்டாங்க சார். கால் எலும்பு ஒடஞ்சிருச்சு."

"போட்டோ அனுப்புய்யா."

மெடிக்கலில் கிரேப் பேண்டேஜ் வாங்கி வந்து சுமலதாவின் இடது காலில் சுற்றினார்கள். "மேல கொஞ்சம் மஞ்சத்தூள் கரைச்சி ஊத்து மாமா, அப்பத்தான் வலிக்கிற மாதிரி இருக்கும்," என்று அவளே யோசனை சொல்லி, முகத்தைச் சுளித்து செல்பி எடுத்தாள். வெள்ளைச்சாமியிடமிருந்து கும்பிடு போட்ட பொம்மை ஒன்று பதிலாக வந்தது. பின்னாலேயே இன்னொரு செய்தி: "நாளை வீடியோ காலில் விசாரிக்கிறேன்."

ஆகவே செவ்வாய்க்கிழமை அவர்கள் பையில் சித்ரான்னம், தண்ணீர் பாட்டில் இவற்றோடு மஞ்சள் கறை படிந்த பேண்டேஜும் மலையேறியது.

பாதி மலை வரை எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. புராதனச் சின்னத்தில் எழுதக் கூடாது என்ற பலகையில் எழுத இடமில்லாமல் பெயர்கள் நிரம்பியிருந்தன. சுமலதா ஒவ்வொரு இடிந்த சுவரிலும் ஏறி நின்று போட்டோ எடுக்கச் சொன்னாள். அப்போதுதான் கீழே, வளைவில், ஒரு குரல் கேட்டது.

"படிக்கட்டா இது? ஒண்ணுகூட ஒரே அளவுல இல்ல. இதெல்லாம் எவன் இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸ் பண்ணுனான்?"

ஹரீஷுக்கு அந்தக் குரலைத் தூக்கத்திலும் தெரியும். ஞாயிறு வேலை பார்த்ததற்கு ஈடாகக் கிடைத்த ஓய்வு நாளில், வெள்ளைச்சாமியை அவர் மனைவி பவளம் மலைக்கு இழுத்து வந்திருந்தார்.

இருப்பது ஒரே பாதை. பக்கத்தில் இருந்த இருட்டான தானியக் கிடங்குக்குள் இருவரும் புகுந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று சுமலதா கைக்குத் தட்டுப்பட்ட காலில் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டாள். அந்தக் கிடங்கில் ஏற்கெனவே குடியிருந்த வௌவால்களுக்கு விருந்தாளிகளைப் பிடிக்கவில்லை. மொத்தமாகக் கிளம்பின. "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி அவள் புருஷன் முதுகில் தாவினாள். அவன் முதுகில் மனைவியோடும் தலைமேல் வௌவால்களோடும் வெளியே பாய்ந்து, வெள்ளைச்சாமியின் முன்னால் வந்து நின்றான்.

"கால் ஒடஞ்ச பொம்பளைக்கு மலையில என்னய்யா வேல?" என்றார் அவர்.

ஹரீஷ் வாயைத் திறப்பதற்குள் முதுகிலிருந்து சுமலதா பேசினாள்.

"வேண்டுதல் சார். உச்சியில அம்மன் இருக்கு. பொண்டாட்டி கால் ஒடஞ்சா புருஷன் தூக்கினு ஏறணும். உடனே ஏறணும், லேட்டானா எலும்பு கோணலா கூடிரும்."

வெள்ளைச்சாமியின் கண் பேண்டேஜுக்குப் போயிற்று. "போட்டோல எடது காலுல்ல இருந்துச்சு? இது வலது."

"செல்பி சார். மாறித்தான தெரியும்?"

ஒரு மில்லிமீட்டர் பிசகையும் பிடிக்கிறவர் தன் போனை எடுத்து அந்தப் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, ஏறு. நாங்களும் கூட வர்றோம். பாத்துருவோம்."

ஹரீஷ் ஏறினான். முதல் சுற்றுச் சுவரைத் தாண்டியதும் உலகத்தில் படிகளைத் தவிர வேறெதுவும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

"மாமா, எங்க ஊரு ரோஜாத் தோட்டமெல்லாம் தெரியுது," என்று காதில் கிசுகிசுத்தாள் சுமலதா.

"எனக்கு என் முட்டிதான் தெரியுது."

"எட்டு மாசத்துல உங்கிட்ட இவ்ளோ நேரம் சேர்ந்தாப்ல பேசினதே இல்ல."

"பதில் சொல்ல மூச்சு வேணும்டி."

"சொல்லாத. கேட்டுனே ஏறு." பேக்கரி வாசலில் பப்ஸ் தீர்ந்துவிட்டதால் சொல்லாமல் விட்ட கதைகளை எல்லாம் அவள் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவனுக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் பின்னால் வந்த பவளத்துக்கு அவன் அழுவதுபோல் தெரிந்தது.

மேல் வாசலருகே ஒரு பாறை நிழலில் திம்மப்பன் என்ற ஆடு மேய்க்கிறவர் மோர்ப் பானையோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச்சாமி நேராக அவரிடம் போனார். "பெரியவரே, பொண்டாட்டிய தூக்கிட்டு ஏறுற வேண்டுதல் இங்கன உண்டா?"

அம்மன் சிலையைப் பல தலைமுறைக்கு முன்பே யாரோ கொண்டுபோய்விட்டார்கள். மேலே இருந்தது வெறும் மேடை. திம்மப்பன் ஹரீஷைப் பார்த்தார். பிறகு அவன் நடுங்கும் முட்டியைப் பார்த்தார். பிறகு தன் மோர்ப் பானையைப் பார்த்தார்.

"ஹௌது சாமி, உண்டு. எங்க தாத்தா எங்க பாட்டிய தூக்கினு ஏறினாரு. இந்த எடத்துல நின்னு எல்லாரும் மோர் குடிக்கணும். அதுவும் வேண்டுதல்ல சேத்தி."

நாலு டம்ளர் விற்றது.

பவளம் மோரைக் குடித்துவிட்டுப் புருஷனிடம் திரும்பினார். "கேட்டீகளா? பாத்தீகளா? இத்தன வருசத்துல எனக்காக ஒரு கட்டப்பையாவது தூக்கியிருக்கீகளா?"

"ஒனக்கென்ன, ரெண்டு காலும் நல்லாத்தான இருக்கு?"

"இன்னைக்கு நல்லாருக்கு. நாளைக்கு ஒடஞ்சா? முன்கூட்டியே வேண்டிக்கிறேன். குனிங்க."

உடைவதற்கு முன்பே கவனிக்கிற இதற்குக் கம்பெனியில் தடுப்புப் பராமரிப்பு என்று பெயர். தினமும் ஷிப்ட் தொடங்கும்போது வெள்ளைச்சாமியே அதுபற்றி லைனில் வகுப்பெடுப்பார். தன் கொள்கையை மறுக்க முடியாமல் அவர் குனிந்தார். பவளம் ஏறினார். ஒரே அளவில் இல்லாத அந்தப் படிகளில் மூன்றாவது படி வெள்ளைச்சாமியைக் கவிழ்த்தது. மெத்தென்று அவர்மேலேயே விழுந்ததால் பவளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஆத்தாடி, என் காலு!" என்று வெள்ளைச்சாமி போட்ட சத்தத்தில் மலை அதிர்ந்தது.

சுமலதா முதுகிலிருந்து குதித்தாள். ஆடுகளே வழிவிடும் வேகத்தில் பாறைக்குப் பாறை தாவிப் போய், தன் கால் பேண்டேஜை அவிழ்த்து அவர் கணுக்காலில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போட்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று புரிந்தது. தன் இரண்டு கால்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மற்ற எல்லோரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திம்மப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மன் கண்ணு தெறந்துட்டா. அந்தக் கால சரி பண்ணி, நோவ இந்தக் காலுக்கு மாத்திட்டா."

"தாயே!" என்று பவளம் கையெடுத்துக் கும்பிட்டு, சுமலதாவின் கையைப் பிடித்தார். "வாம்மா, நாம போயி மேல கும்பிட்டு வருவோம். ஆம்பளைங்க இங்கனயே கெடக்கட்டும்." சுமலதா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உச்சிக்குப் போனாள்.

ஹரீஷ் வெள்ளைச்சாமியின் பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் வந்துவிட்டதாக நினைத்த கடிதம் வௌவாலோடு வௌவாலாகப் பறந்துகொண்டிருந்தது. "சார், பொய்தான் சார். அவளுக்கு லீவு செவ்வா, எனக்கு ஞாயிறு. ஒரு நாள்கூட சேர்ந்து இருந்ததில்ல. பேக்கரி வாசல்ல ஒரு பப்ஸ் திங்கிறதோட சரி."

வெள்ளைச்சாமி நிமிர்ந்தார். "ஏய்யா, பஸ்ஸுலருந்து நான் பாக்கும்போதெல்லாம் அந்தப் பேக்கரி வாசல்ல முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறது இந்தப் புள்ளதானா? நீ வீட்டுக்குத் தெரியாம எவளையோ லவ் பண்றேன்னுல நெனச்சிக்கிட்டு இருந்தேன்! அந்தக் கோவத்துலதான் ஒன் பேப்பர்ல கையெழுத்தே போடாம வச்சிருக்கேன்."

"சொந்தப் பொண்டாட்டி சார்."

"பின்ன மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" அவர் காலைத் தடவினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்தக் காலுக்கு லைன்ல என்னன்னு சொல்றது? பொண்டாட்டிய தூக்கப்போயி விழுந்தேன்னு தெரிஞ்சா ஒருத்தன்கூட மதிக்க மாட்டான்."

"வீட்ல வழுக்கி விழுந்தீங்க சார்."

"நம்புவானுகளா?"

"நீங்க நம்புனீங்களே சார்."

அவர் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, வலியில் கத்தி, மறுபடி சிரித்தார். மேலே போன பெண்கள் போனில் முப்பது போட்டோவோடு திரும்பியதும், ஹரீஷ் அன்றைக்கு இரண்டாவது முறையாக முதுகைக் கொடுத்தான். இறங்கும் வழியெல்லாம் வெள்ளைச்சாமி அவன் முதுகிலிருந்தபடி ஒவ்வொரு படியின் குறையையும் எடுத்துச் சொன்னார். சுமலதா பேசியதே மேல் என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் ஆபீசில் போட்டோ கேட்டபோது, வெள்ளைச்சாமி மஞ்சள் கறை பேண்டேஜோடு தன் காலை அனுப்பினார். மாதக் கடைசியில் ஹரீஷுக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. கூடவே, வார விடுமுறை செவ்வாய்க்கு மாற்றப்பட்டிருந்தது.

முதல் செவ்வாய்க்கிழமை காலை போன் அடித்தது. வெள்ளைச்சாமி.

"தம்பி, இன்னைக்கு நானும் லீவு. பவளம் விட மாட்டேங்கிறாப்பா. வேண்டுதல் பாதியில நிக்கிதாம்."

"சார், உங்க காலு?"

"காலு சரியாயிருச்சுய்யா. அதான் பிரச்சனையே."

சுமலதா சித்ரான்னத்துக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள். "மெடிக்கல் தெறந்திருக்கான்னு பாரு மாமா," என்றாள். "இந்த வாட்டி பேண்டேஜ் ரெண்டா வாங்கிக்கலாம்."