நூற்றிருபத்தெட்டு இருக்கைகள்

1

தமிழில் இதுவரை கதை எழுதியவர்கள் எல்லோரும் தங்கள் பாத்திரங்களுக்குத் துரோகம் செய்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பாவத்தைச் செய்யாத முதல் எழுத்தாளர் மயிலாப்பூர் பரத்வாஜ். அவர் கதையில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் கடைசி வரி வரை அந்த இருக்கை அவருடையது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரலாறு கேட்கும் என்பதால் சொல்லிவைக்கிறோம்.

(பரத்வாஜுக்கு இருபத்தொரு வயது. கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் கடைசி வருஷம். கல்லூரி ஆண்டு மலருக்காக இந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பவரும் அவர்தான். 'நான்' என்று எழுதினால் அந்த நானுக்கும் ஓர் இருக்கை போட வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு.)

கதை பிறந்த இடத்தையும் ஒப்புக்கொண்டுவிடலாம். அடையாறில் ஒரு கல்லூரி கேன்டீன், 1995. வகுப்பே 'நூலக மேலாண்மை' என்ற ஒரே புராஜெக்டை ஆளுக்கொரு அட்டை போட்டுச் செய்துகொண்டிருந்தபோது, ராயப்பேட்டை அமீன் மட்டும் சொந்தமாக ஒரு கம்பைலர் எழுதினான். நாம் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் அது. அவனிடம் இருந்த சிப்பிலோ எண்களை வைக்க மொத்தம் நூற்றிருபத்தெட்டு இடங்கள்தான். நிரலில் ஓர் எண்ணுக்கு வைக்கும் பெயர்தான் வேரியபிள்; ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வேண்டும்.

"ஒரு வேரியபிள் கடைசியா எந்த வரியில தேவைப்படுதோ, அதோட அதுக்கு ஆயுசு முடிஞ்சுது மச்சி. அந்த எடத்தத் தூக்கி அடுத்ததுக்குக் குடுத்துருவேன்," என்றான் அமீன்.

"எங்காத்துல ரங்கு மாமா அமெரிக்கா போய் ஆறு வருஷமாச்சு," என்றார் பரத்வாஜ். "அவர் நாற்காலியில இன்னிக்கும் யாரும் உக்கார மாட்டோம். அதுக்குப் பேர் மரியாதை."

"எங்க வீட்ல ஒம்பது பேரு, நாற்காலி மூணு. எழுந்தவன் எடத்துல அடுத்தவன் உக்காருவான். எவனும் நின்னது கெடையாது."

2

முதல் தொடக்கம்: "பெசன்ட் நகர்க் கடலின் அலைகள் அன்று ஏனோ..." [கைவிடப்பட்டது. கம்பைலருக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை.]

இரண்டாம் தொடக்கம்: "அமீனின் கண்களில் ஒரு சிவந்த..." [அமீன் படித்துவிட்டு, "மெட்ராஸ் ஐ வந்துச்சே, அதுவா?" என்று கேட்டான்.]

மூன்றாம் தொடக்கம்: "கம்ப்யூட்டர் லேப் வாசலில் வெள்ளைத்துரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஏசி அறைக்குள் தூசி போகக்கூடாது என்பதால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம்."

இது நிற்கும். வெள்ளைத்துரை இந்தக் கதைக்குத் தேவைதானா என்று ஒரு சந்தேகம் வந்தது உண்மை. ஆனால் உட்கார்ந்துவிட்டார். அவருக்கென்று கடைசிப் பகுதியில் பதினைந்து வரிகள் ஒதுக்கியாயிற்று.

3

புராஜெக்ட் இருவர் பெயரிலும் இருந்தது. கம்பைலர் அமீனுடையது. அதில் போட்டுப் பார்க்க ஒரு நிரல் பரத்வாஜுடையது: தொட்டியில் தண்ணீர் இருபது சென்டிமீட்டர் ஏறியதும் மோட்டாரை நிறுத்துவது. புதன்கிழமை லேப் வராந்தாவில் இரண்டு வாளி, ஒரு குட்டி மோட்டார், நடுவில் சிப். வழிகாட்டி சுந்தரவல்லி மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தண்ணீர் இருபதைத் தொட்டது. இருபத்தைந்தைத் தொட்டது. பிறகு வாளியைத் தாண்டி, வரிசையாக விட்டிருந்த நாற்பது ஜோடிச் செருப்புகளையும் தொட்டது.

"இன்னா நைனா," என்றார் வெள்ளைத்துரை, எழுந்திருக்காமலே. "லேப்புக்கு வெளிய போட் விட்டுக்கினு கீறீங்க?"

சுந்தரவல்லி மேடம் தன் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை வெளியிலேர்ந்து எக்ஸாமினர் வர்றார். அதுக்குள்ள இது நிக்கலைன்னா, அமீன், நீங்களும் நூலக மேலாண்மை எழுதிடுங்க. போன வருஷத்து ஃபைல் என் மேஜையில இருக்கு."

அமீன் மோட்டாரின் ஒயரைப் பிடுங்கினான். அந்த ஃபைலைப் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தான்.

4

பிழை எது என்று அன்று சாயங்காலமே தெரிந்தது. நிரலில் மேலே ஒரு வரி, தண்ணீரை 'எல்லை'யோடு ஒப்பிடுகிறது. எல்லை இருபது. அதற்குக் கீழே எங்கும் எல்லையின் பேச்சே இல்லை. செத்துவிட்டது என்று நினைத்த கம்பைலர், அடுத்த வரியில் வந்த 'வினாடி'யை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டது. ஆனால் நிரல் கீழே போய் முடியவில்லை. சுற்றிக்கொண்டு மறுபடி மேலே வந்தது. வந்து எல்லையைக் கேட்டபோது அங்கே வினாடி இருந்தது. தண்ணீர் ஏற ஏற எல்லையும் ஏறிக்கொண்டே போனது.

"நான் மேலேர்ந்து கீழ படிச்சேன் மச்சி, பேப்பர் படிக்கிற மாதிரி," என்றான் அமீன். "அது சுத்தி சுத்தி ஓடுது. திரும்பி வர்றவன் எடத்த நான் குடுத்திருக்கக் கூடாது."

வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து திருத்தினான். சுற்றின் கடைசியிலிருந்து பின்னோக்கி நடந்து, மேலே யாருக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று பார்த்து, அவர்களைச் சுற்று முடியும்வரை எழுப்பாமல் விட்டான். கம்பைலர் அச்சிட்ட பட்டியலை மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"ஒரே எடத்துல ஏழு பேரா? சண்டை வராதா?"

"வராது மேம். ஒருத்தர ஒருத்தர் பார்த்ததே இல்ல."

அதைச் சொன்னபோது அமீனின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பரத்வாஜ் குறித்துக்கொண்டார். அந்த மாதிரி ஒரு முகத்தோடு அவர் இதுவரை எதையும் எழுதியதில்லை.

ஆனால் மொத்தம் நூற்று முப்பத்திரண்டு வந்தது. நாலு இடம் அதிகம்.

"நீ நாலு வேரியபிள நிரந்தரம்னு போட்டு வெச்சிருக்க," என்றான் அமீன். "ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி வேலை. மத்த நேரம் சும்மா ஒக்காந்திருக்கு. அதுங்கள கீழ வேலை நடக்கற ஃபங்ஷனுக்குள்ளயே எழுதிடு, எடம் நான் பாத்துக்கறேன்."

"கதையிலயும் சரி, நிரல்லயும் சரி, உக்காந்தவாள நான் எழுப்ப மாட்டேன்."

"சரி. உன் நிரல், உன் இஷ்டம்."

அவன் மறுபடி கேட்கவில்லை. மேடம் மேஜைக்குப் போய் ஃபைலை எடுத்து வந்தான். முதல் பக்கத்தைப் பிரித்து எழுதத் தொடங்கினான்: புத்தக எண், உறுப்பினர் எண், திருப்பித் தர வேண்டிய தேதி.

5

இங்கே கதைக்கு இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

முதல் முடிவு: எக்ஸாமினர் பரத்வாஜின் கொள்கை உறுதியைப் பார்த்து மெய்சிலிர்த்து... [இல்லை.]

இரண்டாம் முடிவு: பரத்வாஜ் மேடையேறி, மடிந்த வேரியபிள்களின் மரியாதை குறித்து நாற்பது நிமிடம்... [இதில் அமீன் எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை. இல்லை.]

6

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வாளியில் தண்ணீர் எங்கே நின்றது, எக்ஸாமினர் என்ன கேட்டார், அமீன் எந்த முகத்தோடு பதில் சொன்னான் என்பதையெல்லாம் வாசகர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தக் கதை காலை எட்டு மணி வரைக்கும்தான் போகிறது.

[வெள்ளைத்துரைக்கு ஒதுக்கிய பதினைந்து வரிகள் இங்கே இருந்தன.]

எட்டு மணிக்கு லேபில் யாரும் இல்லை. பரத்வாஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். தன் நிரலைத் திறந்தான். மேலே தனியாக நின்றிருந்த நாலு பெயர்களையும் ஒவ்வொன்றாக அழித்து, கீழே அவை வேலை செய்யும் இடத்தில் எழுதினான். கம்பைலரை ஓட்டினான். திரையில் வந்தது: 128 / 128. பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தான், பிறகு கீழிருந்து மேலே. நிரலைச் சேமித்துவிட்டு, அமீன் வந்து உட்காருவதற்காக நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டான்.